ஊசியிடம் கேட்ட கேள்வி

வலியைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பல் குத்தும். காது குடையும். கால் உளையும். இடுப்பு கடுக்கும். நரம்பு சுண்டி இழுக்கும். உறுப்புக்கு ஒரு வினைச்சொல்லாக வைத்திருக்கிறோம். தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் தில்லியில் ஒரு வலி சிகிச்சை டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து, கழுத்தின் இடது அடியில் தொடங்கித் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புவரை இறங்கும் அந்தச் சமாசாரத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி விளக்கியபோது, 'உளைச்சல்' என்ற சொல்லுக்கு ஈடாக எதுவுமே கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவளுக்கு இது தர்மசங்கடம்தான்.

இந்தச் சங்கடத்தை மருத்துவ உலகமும் அறியும். கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்ஸாக் 1975இல் வலிக்கென்றே ஒரு வினாத்தாளை வெளியிட்டார். 20 பிரிவுகளில் 78 ஆங்கிலச் சொற்கள். தன் வலிக்குப் பொருந்துபவற்றை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டும். என் டாக்டர் அவ்வளவு தூரம் போகவில்லை. "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, மேடம்?" என்றார். ஏழு என்றேன். "எங்கே? ஒரே ஒரு விரலால் காட்டுங்கள்." காட்டினேன். பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டு பதில்களைச் சுற்றித்தான்.

வலிக்கு அப்போது 14 மாத வயது. பகலில் பத்திரிகை வேலை, இரவில் புத்தக மொழிபெயர்ப்பு என்று நாளொன்றுக்கு 3,000 சொற்கள் வரை தள்ளிக்கொண்டிருந்தேன். புத்தக வேலைக்குச் சொல் கணக்கில்தான் கூலி. 40 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது என்ற நிலை வந்தபோது வலி நேராக வருமானத்தில் கைவைத்தது. ஒப்புக்கொண்ட ஒரு புத்தகத்தைப் பதிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. அம்மா ஊரிலிருந்து தினமும் போனில் நொச்சி இலை ஒத்தடம் சொன்னாள். அதையும் செய்தேன். சூடு இருக்கும்வரை சுகம்.

பிறகு ஓர் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு தேய்ந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கிறது என்றார். இப்படியே போனால் தட்டை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் இணைப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம். வீட்டுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். செலவு, விடுப்பு, பள்ளியிறுதியில் இருக்கும் மகள். எதுவும் ஒத்துவரவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 497 பேரைப் படமெடுத்து 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருபதுகளில் இருந்த ஆண்களின் தட்டுகளில் 17 சதவீதத்திலும் பெண்களின் தட்டுகளில் 12 சதவீதத்திலும் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்தன. 60 வயதைத் தாண்டியவர்களின் தட்டுகளில் அது 85 சதவீதத்துக்கும் மேல். வலி இல்லாதவர்களின் கணக்கு இது! தலைநரை மாதிரித்தான் இதுவும். நரைத்த தலை வலித்தால் வலிக்குக் காரணம் நரை என்று யாரும் சொல்வதில்லை. கழுத்து விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கையில் மரத்துப்போதல், பிடியில் பலக் குறைவு, நடை தடுமாறுதல் இருந்தால் விஷயம் வேறு. அது நரம்போ தண்டுவடமோ நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்; தாமதம் கூடாது. எனக்கு அவை எதுவும் இல்லை. இருந்தது வலி மட்டுமே. "அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்போம்" என்றார் வலி சிகிச்சை டாக்டர்.

அவர் சந்தேகப்பட்டது தட்டை அல்ல, அதற்குப் பின்னால் உள்ள சிறு மூட்டுகளை. முதுகெலும்புத் தொடரில் ஒவ்வோர் எலும்பும் அடுத்த எலும்போடு மூன்று இடங்களில் சேர்கிறது. முன்னால் தட்டு. பின்னால் இடமும் வலமுமாக இரண்டு மூட்டுகள். ஆங்கிலத்தில் இவற்றை ஃபேசட் மூட்டு என்கிறார்கள். முகப்பு என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் கெட்டுவிடும். வைரத்துக்குத் தீட்டுகிறோமே பட்டை, அதுதான் ஃபேசட். பட்டை மூட்டு என்றால் ஓரளவு பொருந்துகிறது. கழுத்தில் இந்தப் பட்டைகள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. அளவில்தான் சிறியவை. மற்றபடி முழங்கால் மூட்டுக்கு உள்ளதெல்லாம் இவற்றுக்கும் உண்டு: குருத்தெலும்பு, வழுவழுப்பான திரவம், சுற்றிலும் ஒரு உறை. ஆகவே முழங்கால் வலிப்பதுபோல இவையும் வலிக்கலாம்.

இந்த மூட்டுகள் மீதான சந்தேகம் புதிதல்ல. அமெரிக்காவின் கோல்ட்வெயிட் 1911இலேயே இதை எழுதினார். 1933இல் கோர்ம்லி என்பவர் இதற்கு ஒரு நோய்ப்பெயரும் சூட்டினார். இருவரும் பேசியது இடுப்பைப் பற்றி. கழுத்துக்கான வரைபடம் 1990இல்தான் வந்தது. ட்வையர், ஆப்ரில், போக்டக் என்ற மூவர், கழுத்து வலியே இல்லாத தொண்டர்களின் மூட்டுகளில் ஊசி வழியாகத் திரவத்தைச் செலுத்தி உறையை விரிவடையச் செய்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மேல்மூட்டு வலித்தால் பிடரியும் தலையும் வலித்தன. ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட மூட்டின் வலி தோளின் மேற்புறம் பரவியது. ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்டதன் வலி தோள்பட்டை எலும்புக்கு இறங்கியது.

என் மேல்முதுகு வலி முதுகில் பிறக்கவில்லை, கழுத்திலிருந்து இறங்கி வருகிறது என்று டாக்டர் ஊகித்தது இந்த வரைபடத்தை வைத்துத்தான். படம் காட்டியது ஐந்து, ஆறு. என் விரல் காட்டியது ஆறு, ஏழு. எது சரி?

அதற்குத்தான் ஊசி. ஒவ்வொரு மூட்டின் வலிச் செய்தியையும் இரண்டு சின்னஞ்சிறு நரம்புகள் சுமந்து செல்கின்றன. அந்த இரண்டின் அருகிலும் மரப்பு மருந்தைச் சில துளிகள் விட்டுப் பார்ப்பது. வலி நின்றால் குற்றவாளி அந்த மூட்டு. நிற்காவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். மூட்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் முறையும் உண்டு. கழுத்து மூட்டின் கொள்ளளவு ஒரு மில்லி லிட்டர்கூட இல்லை என்பதால் அதற்குக் கைத்திறன் அதிகம் வேண்டும்.

என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். தலைக்கு மேல் வளைவான எக்ஸ்ரே கருவி. திரையில் ஊசியின் நிழல் நகர்வதைப் பார்த்துப் பார்த்துச் செலுத்தினார் டாக்டர். முதலில் துளி சாயம், ஊசி ரத்தக்குழாயில் இல்லை என்று உறுதி செய்ய. பிறகு மருந்து, நரம்புக்கு அரை மில்லிக்கும் குறைவு. மயக்க மருந்து கிடையாது. தூக்கக் கலக்கத்தில் சொல்லும் பதிலை நம்ப முடியாதாம். பத்து பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பல் டாக்டரிடம் இதைவிட அதிகம் பயந்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் உண்மையான பரிசோதனை. கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அரை மணிக்கொரு முறை வலியின் எண்ணைக் குறிக்க வேண்டும். ஓய்வெடுக்கக் கூடாது. எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்ய வேண்டும். வண்டி ஓட்ட மட்டும் தடை. ஆஸ்பத்திரி கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மூன்றாவது முறை தாளை எடுத்தபோது ஒன்று என்று எழுதினேன். ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. திரையில் 640 சொற்கள். டீ ஆறிப்போயிருந்தது. 14 மாதத்தில் முதல் முறையாகக் கழுத்து இருப்பதையே மறந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்.

மூன்று மணி நேரத்தில் வலி திரும்பிவிட்டது. ஏமாற்றமாக இருந்தது என்று டாக்டரிடம் சொன்னேன். "திரும்பி வந்ததும் பதிலில் ஒரு பகுதிதான்" என்றார் அவர். மருந்தின் ஆயுள் முடியும்போது வலி திரும்பினால்தான் நிவாரணம் மருந்தால் வந்தது என்று நம்பலாம். அதோடு விடவில்லை. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு முறை. இரண்டு நாளும் என்ன மருந்து என்று எனக்குச் சொல்லவில்லை. இரண்டாம் முறை காலையில் போட்டது மாலைவரை நின்றது. பிறகு குறிப்பைத் திறந்து காட்டினார். முதல் நாள் லிக்னோகெய்ன், குறைந்த நேரம் வேலை செய்வது. இரண்டாம் நாள் புபிவகெய்ன், அதிக நேரம் வேலை செய்வது. என் தாளும் அதையே சொன்னது.

எதற்கு இத்தனை கறார்? ஒரே ஒரு ஊசியை நம்பி முடிவெடுத்தால் கழுத்து விஷயத்தில் சுமார் 27 சதவீதம் பொய்யான 'ஆம்' கிடைக்கிறது என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதில் நோயாளியின் ஏமாற்று எதுவும் இல்லை. நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடும். நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு பழக்கமும் உண்டு. டாக்டர் ஆசையாக "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்போம். அந்தச் சொல் குறைந்திருக்கிறது என்றும் பொருள்படும், குறையவில்லை ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன் என்றும் பொருள்படும், உங்கள் மனம் நோக வேண்டாம் என்றும் பொருள்படும். மொழிபெயர்ப்பில் என்னை மிகவும் படுத்தும் சொற்களில் ஒன்று அது. இந்தப் பரிசோதனையில் அளவுக்கருவி நோயாளியின் வாய் மட்டுமே. அங்கே மரியாதைக்குச் சொல்லும் 'பரவாயில்லை' கருவியையே கெடுத்துவிடும்.

சரி, மூட்டு பிடிபட்டது. அதில் ஸ்டீராய்டைப் போட்டுத் தீர்த்துவிடலாமே? எல்லோரும் கேட்பது இதுதான். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று விளம்பரப்படுத்தும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தில் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்து நடக்கவைத்ததிலிருந்து ஸ்டீராய்டுக்கு ஒரு மாயப் புகழ் உண்டு. இரண்டே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கழுத்து மூட்டில் நடந்த சோதனை வேறு கதை சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் வாகன விபத்தால் தீராத கழுத்து வலிக்கு ஆளான 41 பேரில் ஒரு பாதிக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு, மறுபாதிக்கு வெறும் மரப்பு மருந்து. வலியில் பாதி திரும்பி வர ஆன காலத்தின் இடைநிலை அளவு: ஸ்டீராய்டுக்கு 3 நாள், மரப்பு மருந்துக்கு மூன்றரை நாள். 1994இல் வெளியான முடிவு இது. சிலருக்குச் சில வாரங்கள் சுகம் கிடைத்ததும் உண்மை. அது யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

அதே குழுவினர் 1996இல் இன்னொன்றை வெளியிட்டார்கள். ஊசிச் சோதனையில் கறாராகத் தேறிய 24 பேரில் பாதிப் பேருக்கு அந்தச் சிறு நரம்புகளை ரேடியோ அலையின் சூட்டால், சுமார் 80 டிகிரியில், செயலிழக்கச் செய்தார்கள். மறுபாதிக்கு அதே ஊசி, சூடு மட்டும் இல்லை. வலியில் பாதி திரும்ப, சூடு வைத்தவர்களுக்கு 263 நாள், மற்றவர்களுக்கு 8 நாள். வித்தியாசம் பெரியது. ஆனால் நரம்பு மறுபடி வளரும். வலியும் திரும்பலாம். இதுவும் வாடகைதான், கிரயம் அல்ல.

அந்த வாடகையும் தேவையில்லை என்பவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு சர்வதேச வழிகாட்டுதல், நாட்பட்ட முதுகெலும்பு வலிக்கு மூட்டு ஊசி, ரேடியோ அலைச் சிகிச்சை இரண்டையுமே வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காமல் செய்த ஆய்வுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பலன் கரைந்துதான் போகும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பையும் படித்தேன். நோயாளியாக எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். எந்த மூட்டு என்று கேட்காமல் போடும் ஊசிக்கு ஆதாரம் மிகவும் பலவீனம். கேட்டுவிட்டுப் போடும் ஊசிக்கு வாதாடவாவது இடமிருக்கிறது.

ஆனால் கேள்வி கேட்க நம் ஏற்பாடுகள் இடம் தருவதில்லை. இரண்டு ஊசிகளுக்கும் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த விலக்குகளில் ஒன்று. அதாவது இந்த ஊசி சிகிச்சை என்றால் பணம் கேட்டுப் பார்க்கலாம். வலி எங்கே என்று கண்டுபிடிக்க என்றால் கைக்காசு. இணைப்பு அறுவை சிகிச்சை என்றால் லட்சக்கணக்கில் கோரலாம், அது தேவையில்லை என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவைக் கோர முடியாது. என் மனுவும் திரும்பி வந்தது. விதிப்படி அது சரியே. விதிதான் விசித்திரம்.

ஆபத்து இல்லையா? உண்டு. ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மேல்முதுகு மூட்டுகளில் போடும்போது பக்கத்திலேயே நுரையீரல். தண்டுவட உறையை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம்வரை நேர்ந்திருப்பதாக 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அது வேறு வகை ஊசி என்றாலும் பேச்சில் எல்லாமே 'கழுத்து ஊசி' ஆகிவிடுவதால் எந்த ஊசி என்று கேட்டுக்கொள்வது அவசியம். மருந்துக் குப்பியும் முக்கியம். 2012இல் அமெரிக்காவில் ஒரே தயாரிப்பகத்திலிருந்து வந்த பூஞ்சை கலந்த ஸ்டீராய்டால் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எக்ஸ்ரே திரை இல்லாமல் கையால் தடவிப் பார்த்துக் கழுத்தில் போடுகிறேன் என்பவரிடம் கும்பிட்டுவிட்டு எழுந்து வருவது நல்லது.

நான் என்ன முடிவெடுத்தேன்? அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு நின்றுவிட்டது. தேய்ந்த தட்டு தேய்ந்தபடியே இருக்கிறது. வலிப்பது அதுவல்ல என்று தெரிந்த பிறகு அதன் மேல் கோபமில்லை. ரேடியோ அலைச் சிகிச்சையை ஆறு மாதம் ஒத்திவைத்திருக்கிறேன். கழுத்தின் உட்தசைகளுக்கும் தோள்பட்டைத் தசைகளுக்கும் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். முன்பும் செய்ததுதான். ஆனால் வலிக்கும்போது ஏதோ ஒடிகிறது என்ற பயம் இப்போது இல்லாததால் பாதியில் நிறுத்துவதில்லை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியாயிற்று. நாளொன்றுக்கு 2,000 சொற்கள், அதற்கு மேல் இல்லை. வலி நாலைத் தாண்டுவது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். ஆறு மாதத்துக்குப் பிறகும் வேலை இழுத்தால் அந்த 263 நாள் வாடகையைக் கொடுத்துப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். "அந்த ஊசி போட்டா சரியாயிடுமாக்கா?" என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். வயது முப்பது இருக்கும். எந்த இடத்தில் வலி என்று ஒரே விரலால் காட்டச் சொன்னேன். உள்ளங்கையைப் பரப்பி முதுகு முழுவதையும் காட்டினான். அவனுக்கு ஊசி இன்னும் ரொம்ப தூரம்.